பெட்டிக்குள் அடங்காத விளையாட்டு

கோடை விடுமுறை தொடங்கி ஒரு வாரம் ஆவதற்குள் பெரும்பாலான இல்லங்களில் ஒரு குரல் கேட்கத் தொடங்கிவிடுகிறது: "பொழுதே போகலம்மா, நான் என்ன செய்ய?" கேட்பது ஆறு, ஏழு வயதுப் பிள்ளை. கட்டிலுக்கு அடியில் பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. பிறந்தநாளுக்கு வந்தவை, திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பியவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. ஆயினும் பிள்ளைக்குப் பொழுது போகவில்லை. அடுப்படியில் நிற்கும் தாய் சற்று நேரம் பொறுக்கிறாள். பிறகு கைபேசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். வீடு அமைதியாகிறது. அந்த அமைதி நல்லதுதானா என்ற உறுத்தல் மட்டும் அவள் நெஞ்சில் தங்கிவிடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும் பெற்றோர் பலர் என்னிடம் சொல்லும் குறைகளுள் இதுவும் ஒன்று.

கைபேசி வந்ததால் பிறந்த சிக்கல் இது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. குழந்தையின் விளையாட்டு என்றைக்குத் தெருவை விட்டு வீட்டுக்குள் நுழைந்ததோ, அன்றைக்கே இந்தக் கேள்வியும் உடன் நுழைந்தது. மருத்துவர் ஒருவரும், தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்த ஆசிரியர் ஒருவரும், கணக்கெழுதிப் பிழைத்த தந்தை ஒருவரும், நம் தமிழ் மண்ணிலேயே சில ஆண்டுகள் தங்கிய அம்மையார் ஒருவரும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நம் இல்லங்களுக்குப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

தெருவே விளையாட்டுக் களம்

பீட்டர் புருகல் என்னும் ஓவியர் 1560-ஆம் ஆண்டில் 'சிறுவர் விளையாட்டுகள்' என்ற ஓவியத்தைத் தீட்டினார். இன்று அது வியன்னா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 80 விளையாட்டுகளில் ஈடுபட்டிருப்பதை அந்த ஒரே படத்தில் காணலாம். வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக் குதிரை தாண்டுகிறார்கள், பம்பரம் சுற்றுகிறார்கள், மரக்காலில் நடக்கிறார்கள். கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். ஊரே அவர்களுடைய களமாக இருந்தது. எனவே, குழந்தையை வீட்டுக்குள் எப்படி ஈடுபடுத்துவது என்ற கவலை அன்றைய தாய்க்குப் பெரிதாக எழ இடமில்லை.

எழுந்த கவலை வேறு. விளையாட்டு வீண் அன்றோ என்பதே அது. புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் முதற் பகுதியில் தம் பள்ளி நாள்களை நினைவுகூர்கிறார். பாடத்தைக் கவனியாமல் பந்து விளையாடியதற்காக ஆசிரியரிடம் அடி வாங்கிய சிறுவன் அவர். பெரியவர்களுடைய வீண் விளையாட்டுகளுக்கு மட்டும் 'அலுவல்' என்ற மதிப்பான பெயர் கிடைத்துவிடுகிறது. அதையே சிறுவன் செய்தால் பிரம்படி கிடைக்கிறது என்று அவர் கசப்போடு குறிப்பிடுகிறார். தம் சோம்பலையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அடித்த கைகளின் நேர்மையைக் கேட்காமலும் விடவில்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்த நியாயமான வினா, நாள் முழுதும் கைபேசியைத் தடவிக்கொண்டே பிள்ளையைக் கண்டிக்கும் நம்மை நோக்கியும் எழுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பு வழங்கினார் எனலாம். உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல உள்ளத்துக்கும் ஓய்வு தேவை. அந்த ஓய்வை விளையாட்டு தருகிறது என்பது அவர் கருத்து. நாணை எந்நேரமும் இழுத்தே வைத்திருந்தால் வில் முறிந்துவிடும் என்று திருத்தூதர் யோவான் விளக்கியதாகச் சொல்லப்படும் பழங்கதையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அளவு மீறிய விளையாட்டு எவ்வாறு குற்றமோ, அவ்வாறே விளையாட்டே அறியாதிருப்பதும் குறைபாடுதான் என்று அவர் முடிவு செய்தார். எனவே விளையாட்டு தகுமா என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எப்படி, எதைக் கொண்டு என்ற வினா எழ மேலும் நானூறு ஆண்டுகள் சென்றன.

மருத்துவர் கண்ட பிள்ளை

ஜான் லாக் என்னும் ஆங்கிலேயரை மெய்யியலாளராகப் பலர் அறிவர். அவர் மருத்துவமும் பயின்றவர். நாட்டை விட்டு ஆலந்தில் வாழ்ந்த நாள்களில், எட்வர்டு கிளார்க் என்ற நண்பரின் மகனை எப்படி வளர்ப்பது என்பது பற்றித் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். அவற்றின் பயனாக 1693-இல் கல்வி பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை தெருவில் திரிவதில்லை. தனி ஆசிரியரிடம் வீட்டிலேயே வளர்ந்தது. ஆகவே வீட்டுக்குள் விளையாட்டு என்பது லாக்குக்கு மெய்யான சிக்கலாக இருந்தது.

அவர் கண்ட ஒரு குழந்தையின் கதை நமக்கு மிகவும் பழக்கப்பட்டது. அந்தப் பிள்ளைக்குப் பொம்மைகள் ஏராளம். நாள்தோறும் அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் பணிப்பெண்ணுக்கே களைப்பு மேலிட்டுவிடும். ஆனால் அந்தக் குழந்தை ஒருபோதும் நிறைவடையவில்லை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஏராளம் குழந்தைக்கு நிறைவைக் கற்பிப்பதில்லை, ஏக்கத்தையே கற்பிக்கிறது என்பதை லாக் இதிலிருந்து கண்டுகொண்டார்.

அவர் சொன்ன வழிகள் மூன்று. முதலாவது, விளையாட்டுப் பொருள்கள் பல இருக்கலாம்; ஆனால் அவை பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்; ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே பிள்ளையின் கைக்கு வரட்டும்; அதைத் திருப்பிக் கொடுத்த பிறகே அடுத்தது. இரண்டாவது, சிறு குழந்தைக்கு வழவழப்பான கூழாங்கல்லோ, ஒரு துண்டுத் தாளோ, தாயின் சாவிக்கொத்தோ தருகிற மகிழ்ச்சி, கடையில் வாங்கி உடனே உடைந்துபோகும் விலையுயர்ந்த பொருள் தருவதற்குக் குறைந்ததன்று. மூன்றாவது, சற்று வளர்ந்த பிள்ளை தன் விளையாட்டுப் பொருளைத் தானே செய்ய முயலட்டும்; முடியாதபோது நாம் உதவலாம். பம்பரத்தை வேண்டுமானால் வாங்கிக் கொடுங்கள்; அதைச் சுழற்றும் சாட்டையை அவனே செய்துகொள்ளட்டும் என்ற அளவுக்கு அவர் நுணுக்கமாகச் சொல்கிறார்.

அதே நூலில் இன்னொரு குறிப்பும் உண்டு. சிறுமியர் மணிக்கணக்காக அமர்ந்து கற்களை வீசிப் பிடிக்கும் விளையாட்டில் தேர்ச்சி பெற எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அவர் வியக்கிறார். நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடிய அஞ்சாங்கல்லின் உடன்பிறப்புதான் அது. புருகல் ஓவியத்தின் கீழ் மூலையிலும் இருவர் எலும்புத் துண்டுகளைக் கொண்டு அவ்வாறே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் நம் பெண்கள் ஆடிய கழங்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. விலை ஏதுமற்ற ஐந்து கற்கள் உலகின் பல மூலைகளில் குழந்தைகளை இவ்வளவு நேரம் கட்டிப்போட்டது எப்படி? அந்தக் கற்கள் தாமாக ஒன்றும் செய்வதில்லை. எல்லாவற்றையும் பிள்ளையின் கைதான் செய்ய வேண்டும். இதுவே அதன் மறைபொருள்.

தாயில்லாப் பிள்ளை தந்த கொடை

இந்த மறைபொருளை ஒரு முறையாக வகுத்தவர் பிரோபெல். செருமனியின் துரிங்கியா மலைப்பகுதியில் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தந்தை லூத்தரன் சபைப் போதகர். பணிச் சுமையில் மூழ்கியவர். சிற்றன்னைக்குச் சொந்தப் பிள்ளை பிறந்தபின் இந்தச் சிறுவன் ஒதுக்கப்பட்டான். உடன் விளையாட ஆளின்றி வீட்டுத் தோட்டமே துணை என்று வளர்ந்தவனைப் பத்தாம் வயதில் தாய்மாமன் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தாய்மாமனின் பாசம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அந்தச் செருமானியச் சிறுவனுக்கோ அது மறுபிறப்பாக அமைந்தது. அங்கேதான் ஒத்த வயதுப் பிள்ளைகளோடு விடுதலையாக ஓடியாடக் கற்றுக்கொண்டான்.

பிற்காலத்தில் பெஸ்டலோசி என்ற சுவிட்சர்லாந்துக் கல்வியாளரிடம் 1808 முதல் 1810 வரை தங்கிப் பயின்ற பிரோபெல், பின்னர்ப் பெர்லினில் படிகக் கற்களின் வடிவியலையும் கற்றார். இயற்கை மிக எளிய வடிவங்களிலிருந்து எத்தனை கோலங்களைப் படைக்கிறது என்ற வியப்பு அவர் உள்ளத்தில் ஊன்றியது. 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் விளையாட்டுப் பொருள்கள் செய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-இல் தம் முயற்சிக்குப் பெயர் தேடி அலைந்தவருக்கு, மலைவழியே நடந்து செல்கையில் ஒரு சொல் தோன்றியதாகக் கூறுவர். கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம். தாயற்ற சிறுவனுக்குத் தோழனாக இருந்த அந்தத் தோட்டமே உலகமெங்கும் பரவும் பெயராயிற்று.

அவர் செய்த பொருள்களுக்கு அவர் இட்ட பெயர் 'கொடைகள்'. முதற்கொடை ஆறு வண்ணங்களில் ஆறு கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவை. மூன்றாவது ஒரு சிறு மரப்பெட்டி. அதனுள் எட்டுச் சிறு கட்டைகள் சேர்ந்து ஒரே கனசதுரமாக இருக்கும். பெட்டியைக் கவிழ்த்து, மூடியை உருவி, மெல்லத் தூக்கினால் முழுக் கனசதுரம் மேசைமேல் நிற்கும். பிள்ளை அதைப் பிரிக்கிறது, நாற்காலி செய்கிறது, கோயில் கட்டுகிறது, பூக்கோலம் அமைக்கிறது, இரண்டும் இரண்டும் நான்கு என்று எண்ணிப் பார்க்கிறது. இறுதியில் எல்லாக் கட்டைகளையும் மீண்டும் ஒன்றாகச் சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கிறது. ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் கலைத்துவிடாமல், இருப்பதையே மாற்றி மாற்றிப் புதியது காண வேண்டும். ஒரு கட்டையும் ஒதுங்கிக் கிடக்கக் கூடாது. கோயிலுக்குப் பயன்படாத கட்டை, கோயில் வாசலில் நிற்கும் மனிதனாகவாவது இடம் பெற வேண்டும். ஒதுக்கப்பட்ட பிள்ளையாக வளர்ந்தவர் ஒரு கட்டையும் ஒதுங்கிக் கிடக்க மனம் பொறுக்காததில் வியப்பென்ன!

பிரோபெல் பள்ளியை மட்டும் எண்ணியவர் அல்லர். தாய் தன் குழந்தையோடு பாடி விரல்களால் ஆடும் விளையாட்டுகளைத் தொகுத்து 1844-இல் தாய்மாருக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைக்கு முதல் விளையாட்டுத் தோழி தாய் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

தடையும் தளர்ச்சியும்

முதியவர் ஒருவர் கிராமத்துப் பிள்ளைகளோடு கைகோத்துத் துள்ளி விளையாடுவதைக் கண்ட ஊரார் அவரைக் 'கிழட்டுக் கிறுக்கன்' என்று சிரித்தனர். 1849-இல் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு நேரில் சென்று பார்த்த பெர்த்தா என்ற உயர்குடிப் பெண்மணி அவர்தம் கருத்தை உலகெங்கும் பரப்பும் தொண்டராக மாறினார். ஆனால் அரசு சிரிக்கவில்லை, அஞ்சியது. 1851-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. அவை இளையோரிடையே நாத்திகத்தையும் சமவுடைமையையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. பிரோபெலின் உறவினர் கார்ல் எழுதிய ஒரு சிறு நூலை இவருடையதோடு குழப்பிக்கொண்டதும் தடைக்கு ஒரு காரணம். இறைப்பற்று மிக்க அந்த முதியவர் இடிந்துபோனார். 1852 ஜூன் 21-ஆம் நாள் இறந்தார். தடை நீங்கியது 1860-இல்தான். ஆனால் அடைத்த வாசல் வேறு வாசல்களைத் திறந்துவிட்டது. நாடு கடந்து சென்ற அவருடைய மாணவியர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் புதிய தோட்டங்களை நட்டனர்.

ஆயினும் தடையால் அழியாத விளையாட்டுக்குப் பிறகு அதன் அன்பர்களாலேயே ஊறு நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல கிண்டர்கார்டன்களில், கட்டங்கள் வரைந்த மேசைமுன் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, ஆசிரியை சொல்லச் சொல்ல ஒரே நேரத்தில் ஒரே கட்டையை எடுத்து ஒரே வடிவத்தை அமைத்தார்கள். கொடை பயிற்சியாயிற்று, பயிற்சி பாடமாயிற்று, பிள்ளை கொட்டாவி விட்டது. ஜான் டூயி, ஸ்டான்லி ஹால் ஆகிய அமெரிக்கக் கல்வியாளர்கள் இதைக் கண்டித்தனர். கட்டை அதே கட்டைதான். கட்டளை மட்டும் பிள்ளையிடமிருந்து பெரியவரிடம் போய்விட்டது. விளையாட்டு நின்றுபோக அதுவே போதுமானதாயிற்று.

வீட்டு மேசையில் இரண்டு பெட்டிகள்

பள்ளியில் தளர்ந்த கொடை, வீடுகளில் உயிரோடு இருந்ததற்கு இரண்டு சான்றுகள் உண்டு. 1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அன்னா என்ற தாய் பிரோபெலின் பெட்டிகளைக் கண்டார். வீட்டில் அவருக்கு ஒன்பது வயது மகன் இருந்தான். கிண்டர்கார்டன் வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இவை எதற்கு என்று அவர் எண்ணவில்லை. வாங்கிவந்து, தாமே மகனோடு சிறு மேசைமுன் அமர்ந்தார். அந்த மகன்தான் பிற்காலத்தில் கட்டடக் கலையில் பெரும்புகழ் பெற்ற பிராங்க் லாய்ட் ரைட். அந்த வழவழப்பான மரக்கட்டைகள் முதுமையிலும் தம் விரல்களிலேயே தங்கியிருப்பதாக அவர் தம் தன்வரலாற்றில் நன்றியோடு குறிப்பிட்டார். கட்டைகள் கொடுத்த பிள்ளையெல்லாம் கட்டடக் கலைஞர் ஆகிவிடுவதில்லை. நாம் கருத வேண்டியது அவர் பெற்ற புகழை அன்று. அந்த மேசைமுன் தாயும் உடன் அமர்ந்திருந்ததை.

மற்றொரு பெட்டி தந்தை ஒருவர் தந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இறைச்சி இறக்குமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதி வந்தவர் பிராங்க் ஹார்ன்பி. பொறியியல் பயிற்சி பெற்றவர் அல்லர். தம் மகன்கள் இருவருக்கும் தாமே விளையாட்டுப் பொருள்கள் செய்து கொடுப்பது அவர் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாகங்கள் செய்து மாளவில்லை. சம இடைவெளியில் துளைகள் இட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்தால், இன்று பாரந்தூக்கியாக இருப்பதை நாளை பாலமாக மாற்றலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1907-இல் 'மெக்கானோ' என்ற பெயர் சூட்டினார். உலகெங்கும் பிள்ளைகள் அதைத் திருகி மகிழ்ந்தனர். மாலை வேளையில் தந்தையும் மக்களும் சேர்ந்து உட்கார்ந்த ஒரு வீட்டின் வேலைப்பலகையிலிருந்து அது புறப்பட்டது என்பதைத்தான் கடையில் வாங்கியவர்கள் அறியவில்லை.

உரோமையிலிருந்து கோடைக்கானல் வரை

இந்த வரலாறு நம் மண்ணையும் தொட்டது. இத்தாலிய மருத்துவரான மரிய மாண்டிசோரி அம்மையார் 1907 சனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, உரோமையின் ஏழைகள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். செல்வர் சிலர் விலையுயர்ந்த பொம்மைகளை அந்த இல்லத்துக்கு அளித்தனர். பிள்ளைகளோ அவற்றைப் பொருட்படுத்தவில்லை. உருளைகளைத் துளைகளில் பொருத்துவதையும், மேசையைத் துடைப்பதையும் மீண்டும் மீண்டும் விரும்பிச் செய்தனர். அம்மையாருக்கே இது வியப்பாக இருந்தது. விளையாட்டு பற்றிய கருத்தில் பிரோபெலுக்கும் அவருக்கும் வேறுபாடு உண்டு. கற்பனை விளையாட்டுக்குப் பிரோபெல் அளித்த இடத்தை அவர் அளிக்கவில்லை. ஆயினும் பிள்ளை தன் கையால் மெய்யாகச் செய்யும் செயலில்தான் நிலைத்து நிற்கும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

1939-இல், தம் அறுபத்தொன்பதாம் வயதில், சென்னை அடையாற்றுக்கு அவர் வந்தார். பயிற்சி பெற ஏறத்தாழ 300 பேர் கூடினர். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவரை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறாதபடி தடுத்தது. உடன் வந்த மகன் மரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. ஆகஸ்ட் 31-ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, மகன் விடுவிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. பின்னர் 1942 முதல் இரண்டு ஆண்டுகள் அவர் கோடைக்கானலில் வாழ்ந்தார். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிய அவருடைய சிந்தனை அந்த மலையில்தான் முதிர்ந்தது.

சிறு குழந்தை 'இது என்ன?' என்று கேட்கும். ஆறு வயதைக் கடந்த பிள்ளையோ 'ஏன், எப்படி?' என்று கேட்கும். அது தனியே இருப்பதைவிடக் கூட்டாளிகளோடு சேர்ந்து, தானே சட்டம் வகுத்து, அந்தச் சட்டத்தைப் பற்றியே சண்டையிட்டு விளையாட விரும்பும். கண்ணெதிரே இல்லாதவற்றையும் மனத்தில் கட்டி எழுப்பும். இதை அம்மையார் தெளிவாக உணர்த்தினார். பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு இனி விளையாட்டு எதற்கு என்று நாம் நினைக்கும் அதே வயதில்தான், விளையாட்டு அதற்கு இன்னும் ஆழமாகத் தேவைப்படுகிறது.

நம் இல்லங்களை நோக்கி

நம் முன்னோர் இதையெல்லாம் நூலாக எழுதிவைக்கவில்லை, வாழ்ந்து காட்டினர். பட்டினப்பாலை காட்டும் சிறுவர்கள் உருட்டிய தேருக்கு மூன்றே சக்கரம். அதை இழுக்கக் குதிரை கிடையாது. குதிரையும் பாகனும் பிள்ளையே. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிலையும் சிறுபறையையும் சிறுதேரையும் கழங்கையும் அம்மானையையும் பருவங்களாகவே வகுத்தனர். நுங்குக் கூந்தலில் வண்டி, பனையோலையில் காற்றாடி, புளியங்கொட்டையும் சோழியும் கொண்டு பல்லாங்குழி, கரித்துண்டால் கோடிழுத்துத் தாயம் என எல்லாமே பாதி பொருளும் பாதி பிள்ளையுமாக இருந்தன. உடன் ஆட அப்பாயி இருந்தார், அக்காள் இருந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர்.

இன்று பல இல்லங்களில் அப்பாயி ஊரில் இருக்கிறார். அக்காள் தனிப்பயிற்சி வகுப்பில் இருக்கிறாள். தெருவில் வண்டிகள் விரைகின்றன. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு வீட்டுப்பாடம் முடிந்தபின் எஞ்சுவது அரைமணி நேரமே. அந்த அரைமணியைக் கைபேசி எடுத்துக்கொள்கிறது. லாக் கண்ட செல்வர் வீட்டுப் பிள்ளையின் நிலைதான் இது. அங்கே பணிப்பெண் செய்ததை இங்கே விரல் செய்கிறது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பிள்ளைக்கோ செய்வதற்கு ஏதும் இல்லை. பார்ப்பது பெருகுகிறது, படைப்பது அருகுகிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்று அறிவித்தது; இந்தியா 1992-இல் அதனை ஏற்றுக்கொண்டது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நம் வீட்டுத் தரையில் விரித்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் அறையே வீடாக உள்ள குடும்பங்கள் நம் பங்குகளில் நிறைய உண்டு. அங்கும் இது இயலும். கிடக்கும் பொம்மைகளில் பாதியை எடுத்துப் பரணில் வையுங்கள். மாதம் கழித்து இறக்கினால் அவை புதியவை ஆகிவிடும். பழைய சேலை ஒன்றை இரண்டு நாற்காலிகளுக்கு மேல் விரித்தால் அது கோட்டையாகும், கப்பலாகும். வெற்று அட்டைப்பெட்டியைக் குப்பையில் எறியுமுன் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். கட்டைகளை ஒரு பலகையின்மேல் அடுக்கச் சொன்னால், படுக்கும் நேரத்தில் கலைக்காமல் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கலாம். நாளை மாலை விட்ட இடத்திலிருந்து பிள்ளை தொடரும். தாயத்தின் விதிகளைக் கற்றுக்கொடுத்தபின், பிள்ளைகளே புதிய விதி வகுத்தால் குறுக்கே போகாதீர்கள்.

'பொழுது போகவில்லை' என்ற குரல் கேட்டவுடன் ஓடிச்சென்று எதையாவது கையில் திணிக்கவும் வேண்டாம். அந்த வெறுமை நிலம் உழுது கிடப்பதைப் போன்றது. சற்றுப் பொறுத்தால் அதில் எதுவாவது முளைக்கும். ஆனால் தொடக்கத்தில் ஒரு கால்மணி நேரம் தந்தையோ தாயோ தரையில் உடன் உட்கார்ந்தால், அதன்பின் பிள்ளை தானாகவே நெடுநேரம் ஆடும். இதில் தந்தையின் பங்கு சிறிதன்று. வேலை முடிந்து களைத்து வரும் தந்தை, ஹார்ன்பியைப் போல எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு பல்லாங்குழி ஆட்டத்தில் மனமாரத் தோற்றுக் கொடுத்தால் போதும்.

உடன் இருப்பதும் ஒரு கலை. அருகே இருக்க வேண்டும். ஆனால் பிள்ளையின் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கி 'இப்படிக் கட்டு' என்று காட்டக் கூடாது. கட்டிய கோபுரம் சாய்ந்திருந்தால், சாயட்டும், விழட்டும், அது விழும் ஓசையிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வதை நாம் கற்பிக்க முடியாது. பிரோபெலின் அன்பர்கள் தவறியது இந்த ஓர் இடத்தில்தான். விளையாட்டைக் காக்கப் புகுந்து அதைப் பாடமாக்கிவிட்டனர்.

இறைவாக்கினர் செக்கரியா, புதுப்பிக்கப்பட்ட எருசலேமைப் பற்றிக் கனவு கண்டபோது, அதன் மதில்களையும் மாளிகைகளையும் மட்டும் காணவில்லை. கோலூன்றிய முதியோர் வீதிகளில் அமர்ந்திருப்பதையும், அதே வீதிகள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருப்பதையும் கண்டார். ஓர் ஊர் நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த வீதி இன்று நம் கையில் இல்லாமல் இருக்கலாம். நம் கூடம் நம் கையில் இருக்கிறது. அதில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்து, கைபேசியை அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஐந்து கற்களோடு பிள்ளையின் எதிரே உட்கார இன்று மாலை நமக்கு நேரம் இருக்கிறதா?